மலேசியா போக மலிவு டேப்லெட்: சிம் உள்ளதா, வைஃபை மட்டுமா?

சிங்கப்பூரிலிருந்து காரில் மலேசியா போகும்போது மேப் பார்க்க, 300 சிங்கப்பூர் வெள்ளிக்குள் எந்த டேப்லெட் வாங்கலாம் என்று கேட்டீர்கள். சிம் போடும் மாடலையே வாங்குங்கள். அந்த விலைக்குள் ஆண்ட்ராய்டில் கிடைக்கும். திரை சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

துவாஸ் எல்லைச் சாவடி தாண்டியதும் அண்ணனின் ஐபேடில் மேப்பில் நம் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி நகரவே இல்லை என்றீர்களே, அது வைஃபை மட்டும் உள்ள மாடலாகத்தான் இருக்க வேண்டும். அந்த வகை ஐபேடில் ஜிபிஎஸ், அதாவது செயற்கைக்கோளை வைத்து இடம் அறியும் வசதி, கிடையாது; சிம் போடும் ஐபேடில் உண்டு. வீட்டில் அருகிலுள்ள வைஃபையை வைத்து இடத்தைக் கணிக்கும். நெடுஞ்சாலையில், இருபுறமும் செம்பனைத் தோட்டம், எதை வைத்துக் கணிக்கும்?

மின்னணுக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் வாங்கினால், பணம் கட்டுமுன் மேப்பைத் திறந்து, வைஃபையை அணைத்து, கடைக்காரரோடு வாசலுக்கு வந்து கொஞ்ச தூரம் நடங்கள். புள்ளியும் நடக்கிறதா பாருங்கள்.

ஒன்று மட்டும்: வெயிலில் டாஷ்போர்டில் விடாதீர்கள், பேட்டரி கெட்டுவிடும். அப்புறம், வண்டி ஓட்டும்போது ஓட்டுபவர் அதைக் கையில் எடுக்கவே கூடாது. சிங்கப்பூரில் 2015 முதல் டேப்லெட்டுக்கும் அந்தச் சட்டம் உண்டு.