முதல் மூன்று ரேங்க் சேர்ந்தால் அணியா?

கேள்வி: அறிவியல் போட்டிக்கு மூன்று பேர் அணி வேண்டும். வகுப்பில் முதல் மூன்று ரேங்க் எடுப்பவர்களையே போட்டுவிடலாம் என்கிறார்கள். சரியா?
– பத்தாம் வகுப்பு மாணவி

பதில்: முதலில் போட்டியின் விதிகளை எடுத்துப் படியுங்கள், ஏனென்றால் 'அணி' என்பது எல்லாப் போட்டியிலும் ஒன்றல்ல. சர்வதேச ஜூனியர் அறிவியல் ஒலிம்பியாடில் நாட்டுக்கு 6 பேர் வரை போகிறார்கள். ஆனால் எழுத்துத் தேர்வை அவரவர் தனியாகத்தான் எழுத வேண்டும், செய்முறைத் தேர்வில் மட்டும் மூன்று மூன்று பேராகச் சேர்வார்கள். அங்கே ரேங்க் கணிசமாகக் கைகொடுக்கும்.

ஐ.ஒய்.பி.டி. எனப்படும் இளம் இயற்பியலாளர் போட்டி வேறு மாதிரி. 1988-இலிருந்து நடக்கிறது, அணிக்கு 5 பேர், 17 கேள்விகளைப் பல மாதங்களுக்கு முன்பே வெளியிட்டுவிடுவார்கள். எதற்கும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை இருக்காது, நீங்களே சோதனை செய்து பார்க்க வேண்டியதுதான். மேடையில் ஒரு அணி தன் தீர்வைச் சொல்லும், இன்னொன்று அதில் ஓட்டை தேடும், மூன்றாவது அந்த இரண்டு பேரையும் எடைபோடும், அப்புறம் இடம் மாறிக்கொள்வார்கள். இதற்கு "நீ சொல்வது தப்பு, ஏன் தெரியுமா?" என்று கோபப்படாமல் கேட்கத் தெரிந்தவர் ஒருவராவது வேண்டும். அவர் பதினைந்தாவது ரேங்காக இருந்தாலும் நான் அவரைத்தான் சேர்ப்பேன்.

கேள்வி: வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஒருவன் சோதனை, ஒருவன் கணக்கு, நான் சார்ட். ஆனாலும் எங்கள் ஊசலில் புவியீர்ப்பு முடுக்கம் 12.1 என்று வருகிறது! யார் மேல் தப்பு?
– பதினோராம் வகுப்பு மாணவர்

பதில்: அந்த 12.1-ஐப் பார்த்தாலே ஊகிக்கலாம், தம்பி. குண்டை விடும்போதே 'ஒன்று' என்று எண்ண ஆரம்பித்து, 'பத்து' சொன்னதும் ஸ்டாப் வாட்சை நிறுத்தியிருப்பான் உங்கள் நண்பன். நடந்தது 9 அலைவுதான். கணக்குப் போட்டவன் அதைப் பார்க்கவில்லை, 10-ஆல் வகுத்துவிட்டான். அலைவு நேரம் பத்து சதவீதம் குறைந்துபோய், அது சூத்திரத்தில் வகுக்கும் இடத்தில் வர்க்கமாக வருவதால் 9.8 என்பது 12.1 ஆகிவிட்டது. விடும்போது 'பூஜ்யம்' என்று எண்ணச் சொல்லுங்கள்.

தப்பு ஒருத்தர் மேல் இல்லை, நீங்கள் வேலையைப் பிரித்த விதத்தில் இருக்கிறது. அளப்பவன் பக்கத்தில் கணக்குப் போடுபவன் ஒரு தடவையாவது நின்றிருந்தால் அங்கேயே பிடித்திருப்பான். சார்ட் வரைந்த நீங்களும்தான். இன்றைக்கே மூன்று பேரும் இடம் மாறி, ஆளுக்கு ஒரு தடவை முழுச் சோதனையையும் செய்து பாருங்கள். நடுவர் கேள்வி கேட்கும்போது "அது அவன் பார்ட் சார்" என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் போச்சு.

கேள்வி: எங்கள் அணியில் ஒருத்தி வேலையே செய்வதில்லை. பெயரை எடுத்துவிடலாமா?
– மாணவி, பெயர் வேண்டாம்

பதில்: பதிவு செய்வதற்கு முன்பா, பின்பா? ஐசெஃப் எனப்படும் சர்வதேச அறிவியல், பொறியியல் கண்காட்சி போன்றவற்றில் ஓர் அணியில் 3 பேர்தான் இருக்கலாம், ஆராய்ச்சி நடக்கும் ஆண்டில் தக்க காரணம் இல்லாமல் ஆளை மாற்ற விடமாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் முழு வேலையும் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் அங்கே விதி. அதனால் முதலில் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். பல சமயம் அது சோம்பலாக இருக்காது, நீங்கள் இரண்டு பேரும் ஏற்கெனவே எல்லாவற்றையும் முடிவு பண்ணிவிட்டு அவளிடம் ஒட்டுகிற வேலையைக் கொடுத்திருப்பீர்கள். அதற்கு அப்புறமும் வரவில்லை என்றால், பதிவுக்கு முன்பே ஆசிரியரிடம் சொல்லி மாற்றிவிடுங்கள்.

கேள்வி: இதனால் பரீட்சை மார்க் போய்விடாதா, ஐயா?
– ஒரு தாய்

பதில்: கடைசி மாதத்தில் ஆரம்பித்தால் போகும்தான். விடுமுறையில் தொடங்கச் சொல்லுங்கள், அம்மா.