இரண்டு பகடை, கூடுதல் 7: உங்களுக்கு ஏன் 1/7 வந்தது

இரண்டு பகடைகளை உருட்டினால் எண்களின் கூடுதல் 7 வர நிகழ்தகவு என்ன என்ற கணக்குக்கு உங்களுக்கு 1/7 வந்திருக்கிறது. கூறுவெளியில், அதாவது நிகழக்கூடிய எல்லா விளைவுகளின் பட்டியலில், 36 விளைவுகள் வர வேண்டும். நீங்கள் 21 தான் எழுதியிருக்கிறீர்கள். (3,4), (4,3) இரண்டையும் ஒன்றாக எண்ணியதால் 3/21, அதாவது 1/7 கிடைத்தது. புத்தகத்தில் உள்ள 6/36 = 1/6 தான் சரி.

இரண்டு பகடையும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால்தான் இந்தக் குழப்பம் வந்திருக்கும். ஒன்றில் சிவப்பு மையால் ஒரு கோடு போடுங்கள். சிவப்பில் 3, மற்றதில் 4 விழுவது ஒன்று. சிவப்பில் 4, மற்றதில் 3 விழுவது வேறொன்று. கோடு போட்டதால் பகடை உருளும் விதம் மாறிவிடாது. ஆக, கோடு இல்லாதபோதும் அவை இரண்டு விளைவுகளே. (3,3) விழ மட்டும் ஒரே வழி.

நம்பிக்கை வரவில்லையா? இரண்டு நாணயங்களைச் சேர்த்து 40 தடவை சுண்டிக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் முறையில் எண்ணினால் இரண்டு தலை, இரண்டு பூ, ஒரு தலை ஒரு பூ என மூன்றே விளைவுகள்; ஒவ்வொன்றும் 13 தடவை போல வர வேண்டும். ஆனால் ஒரு தலை, ஒரு பூ என்பது 13 பக்கம் நிற்காது, 20-ஐ ஒட்டி வரும். பிரெஞ்சுக் கணித மேதை தலம்பேர் கூட 1754-இல் சம வாய்ப்பு இல்லாத விளைவுகளைச் சமமாக எண்ணித் தவறினார்: நாணயத்தை இருமுறை சுண்டினால் ஒரு தலையாவது விழ நிகழ்தகவு 2/3 என்று எழுதினார். அது 3/4.

ஒன்று கவனம்: உங்கள் 21-ம் ஒரு கூறுவெளிதான். ஆனால் நிகழ்ச்சியின் விளைவுகளை மொத்தத்தால் வகுக்கும் சூத்திரம், எல்லா விளைவுகளுக்கும் சம வாய்ப்பு இருந்தால் மட்டுமே செல்லும். சீட்டுக்கட்டில் இரண்டு சீட்டை ஒன்றாக உருவும் கணக்கில் வரிசையைத் தாராளமாக விட்டுவிடலாம். அங்கே ஒவ்வொரு ஜோடிக்கும் வாய்ப்பு ஒன்றே.