லேக் ப்ளாசிடில் கூடாரம் அடித்து அயர்ன்மேன் பயிற்சி: கேள்வி பதில்

நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் மலைப்பகுதியில் உள்ள லேக் ப்ளாசிடில் 1999இல் தொடங்கிய அயர்ன்மேன் போட்டி, ஜூலை மாதப் பிற்பகுதியில் நடைபெறுவது. 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம் ஆகிய மூன்றையும் 17 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். போட்டிக்கு முன்னால் ஒரு வார இறுதியில் அங்கேயே முகாமிட்டுப் பயிற்சி செய்ய விரும்புவோர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எடிசன், நியூ ஜெர்சி: இது என் முதல் முழுநீளப் போட்டி. எப்போது போகலாம்? மூன்று நாட்களை எப்படிப் பிரித்துக்கொள்வது?

போட்டிக்கு நான்கு அல்லது ஐந்து வாரங்கள் முன்னதாக, அதாவது ஜூன் கடைசியில் போங்கள். அதற்கு முன் போனால் அந்த மலைக்காடுகளுக்கே உரிய கருப்பு ஈக்கள் காதோரத்தையும் கழுத்தையும் பதம் பார்த்துவிடும். ஜூலை நடுவில் போனால், களைப்பு உடம்பைவிட்டு இறங்குவதற்குள் போட்டி வந்துவிடும்.

வெள்ளி மாலை கூடாரம் அடித்து முடித்ததும் இருபது நிமிடம் நீந்தினால் போதும். சனிக்கிழமைதான் பெரிய நாள். காலையில், போட்டியின் நீச்சல் நடக்கும் மிரர் ஏரியில் ஒரு சுற்று, அதாவது 1.9 கி.மீ. நீந்திவிட்டு, சைக்கிள் தடத்தில் ஒரு முழுச் சுற்று, சுமார் 90 கி.மீ. ஓட்டுங்கள். அதன் பிறகும் தெம்பு இருந்தால், சைக்கிள் தடத்திலுள்ள வில்மிங்டன் ஊரிலிருந்து லேக் ப்ளாசிடுக்கு ஏறும் பகுதியை மட்டும் இன்னொரு முறை ஓட்டிவிட்டு, இறங்கியவுடன் ஷூ மாற்றிக்கொண்டு அரை மணி நேரம் ஓடுங்கள். ஞாயிறு காலை, ஆற்றையொட்டிச் செல்லும் ரிவர் ரோட்டில், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் இரண்டு மணி நேரம் ஓடினால் போதுமானது.

இரண்டு சுற்றையும் முடித்தோம் என்று சொல்லிக்கொள்வதற்காகவே சனிக்கிழமை 180 கி.மீ. ஓட்டுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் படியிறங்கக்கூடச் சிரமப்படுவார்கள். களைத்த கால்களோடு மறுநாள் ஒழுங்காக ஓடப் பழகுவதே இந்த வார இறுதியின் பயன் என்பதால், ஞாயிறு ஓட்டத்தைக் கெடுக்கிற எதையும் சனிக்கிழமை செய்யாதீர்கள்.

டொராண்டோ: நீச்சல் குளத்தில் மட்டுமே பழகியவன் நான். மிரர் ஏரியில் தண்ணீருக்கடியில் ஒரு கோடு இருக்கிறதாமே, உண்மையா?

உண்மைதான். படகுத் தடத்தைக் குறிக்கும் மிதவைகளைப் பிடித்து நிறுத்துகிற கம்பி அது; தலையைக் கவிழ்த்தபடியே அதைப் பார்த்து நேராக நீந்திவிடலாம். ஆனால் போட்டியன்று எல்லோருக்கும் அந்தக் கம்பிதான் வேண்டும் என்பதால், அதன் மேலே கைகளும் கால்களும் மோதிக்கொள்ளும் நெரிசல் இருக்கும். ஆகவே முகாமில் ஒரு முறை கம்பியைப் பார்த்து நீந்துங்கள். அடுத்த முறை வேண்டுமென்றே பத்து மீட்டர் தள்ளிப்போய், ஆறேழு கைவீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கிக் கரையில் ஏதேனும் ஒரு கட்டடத்தைக் குறிவைத்து நீந்துங்கள். பெட்ரோல் எஞ்சின் படகுகளுக்கு அங்கே அனுமதி இல்லை என்றாலும், துடுப்புப் படகுக்காரர்கள் உங்களைப் பார்க்கும்படி பளிச்சென்ற நிற மிதவையொன்றை இடுப்பில் கட்டிக்கொள்வது அவசியம்.

சென்னை: எலியட்ஸ் கடற்கரையில் நீந்துபவன். போட்டிக்காகவே வருகிறேன். நன்னீர் ஏரி சிரமம் தருமா?

உப்புநீர் தரும் மிதப்பு அங்கே கிடைக்காது. இடுப்பு சற்றுத் தாழும். வெட்சூட் எனப்படும் ரப்பர் நீச்சலுடை அணிந்தால் அந்தக் குறை தீர்ந்துவிடும். தண்ணீரின் வெப்பநிலை 24.5 டிகிரி வரை இருந்தால் அதை அணிந்து பரிசுக்கும் போட்டியிடலாம். ஆனால் சென்னையில் வெட்சூட்டை அணிந்து பார்க்க வாய்ப்பே இருக்காது. தோளும் மார்பும் இறுக்கிப் பிடிப்பது முதல்முறை மூச்சு முட்டுவதுபோல் தோன்றும் என்பதால், போட்டிக்குச் சில நாள் முன்னதாகவே வந்து இரண்டு மூன்று முறை அதோடு நீந்திவிடுங்கள். ஊர் சுமார் 550 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது; அந்த உயரத்தைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

ஹார்ட்ஃபர்ட்: சைக்கிள் தடத்தில் கீன் ஊருக்கு இறங்கும் சரிவை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

அந்தப் பயம் நியாயமானதுதான். 73ஆம் எண் சாலையில் கேஸ்கேட் ஏரிகளைத் தாண்டியதும், ஏறத்தாழ பத்து கிலோமீட்டருக்குச் சரிவு. ஏரியோரத்தில் பக்கவாட்டிலிருந்து காற்று சட்டென்று தள்ளும். அகல விளிம்புள்ள கார்பன் சக்கரம் போட்டிருந்தால் அது இன்னும் நன்றாகவே தெரியும். போட்டியன்று சாலை ஒழுங்குபடுத்தப்பட்டிருக்கும். முகாம் நாளிலோ லாரிகளும், மலையேற வருவோர் ஓரத்தில் நிறுத்திவிட்டுச் சட்டென்று கதவைத் திறக்கும் கார்களும் இருக்கும்.

முன்பக்க நீட்டுப்பிடியில் படுத்துக்கொண்டு இறங்காதீர்கள். கைகள் பிரேக் மீதே இருக்கட்டும். பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே போவதைவிட, அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு இறங்குவது நல்லது. முதல்முறை மெதுவாக இறங்கி, எந்த இடத்தில் தார்ச்சாலை வெடித்திருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சரிவில் மிச்சம் பிடிக்கக்கூடிய இரண்டு நிமிடத்தை, திரும்பி வருகிற ஏற்றத்தில் ஒரு வாழைப்பழம் கூடுதலாகச் சாப்பிட்டே பிடித்துவிடலாம்.

எடிசன், நியூ ஜெர்சி (இன்னொருவர்): நாங்கள் சைவம். சிறு உறைகளில் வரும் சர்க்கரைக் கூழான ஜெல் ஒத்துக்கொள்ளவில்லை. புளியோதரை கட்டிக்கொண்டு போகலாமா?

போகலாம், ஆனால் சைக்கிளில் போகும்போது சாப்பிடுவதற்கு அல்ல. எண்ணெயும் வேர்க்கடலையும் வயிற்றில் நெடுநேரம் தங்கும். ஓட்டும்போது மணிக்கு 60 கிராம் மாவுச்சத்திலிருந்து தொடங்கி, வயிறு பழகியபின் 90 கிராம் வரை ஏற்றலாம். குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் ஏற்றுக்கொள்வது 60 கிராமை ஒட்டித்தான். அதற்கு மேல் போக ஃப்ரக்டோஸும் கலந்திருக்க வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 27 கிராம் கிடைக்கும். கொட்டை நீக்கிய பேரீச்சம்பழமும், வேகவைத்து உப்புப் பிரட்டிய சிறு உருளைக்கிழங்கும் ஜெல் பிடிக்காதவர்களுக்கு நன்றாக ஒத்துக்கொள்கின்றன. ஒரு கிராம் சமையல் உப்பில் சுமார் 400 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது என்பதை வைத்து, வியர்வைக்கேற்பக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

புளியோதரையைச் சனிக்கிழமை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் இல்லாமலே தாங்கும். அடுப்பு மூட்டத் தெம்பில்லாத நேரத்தில் அதைவிட வேறென்ன வேண்டும்? தயிர்சாதத்தை மட்டும் ஐஸ் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

ஃபிலடெல்பியா: கரடி வருமாமே?

அங்கே இருப்பவை கருங்கரடிகள். அவற்றுக்கு வேண்டியது உங்கள் உணவுதான். அடிரோண்டாக்கின் உயர்சிகரக் (High Peaks) காட்டின் கிழக்குப் பகுதியில் இரவு தங்குவோர் ஏப்ரல் முதல் நவம்பர் வரை கரடி திறக்க முடியாத உணவு டப்பாவை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. 86ஆம் எண் சாலையோரத்தில் உள்ள வில்மிங்டன் நாட்ச் போன்ற அரசு முகாம்களில் கார் உள்ளேயே வரும் என்பதால், எல்லாவற்றையும் காருக்குள் வைத்துப் பூட்டிவிடலாம். நம் ஆட்கள் அரிசியையும் ஊறுகாயையும் மறக்காமல் பூட்டுவார்கள். சைக்கிள் சட்டையின் முதுகுப் பையில் பாதி பிழிந்த ஜெல் உறை கிடப்பதைத்தான் மறந்துவிடுவார்கள். அந்தச் சட்டை, சர்க்கரைத் தண்ணீர் காய்ந்து பிசுபிசுக்கும் பாட்டில், சைக்கிள் சட்டத்தில் மாட்டிய சிறு பை, பற்பசை எதுவும் கூடாரத்துக்குள் போகக்கூடாது.

எடிசன், முதல் கேள்வி கேட்டவர்: தரையில் படுத்தால் தூக்கம் கெடாதா? ஞாயிறே திரும்பிவிடலாமா?

தடிமனான காற்று மெத்தை இல்லாமல் போகாதீர்கள். ஜூன் கடைசியிலும் இரவுகள் நன்றாகக் குளிரும்; தரையின் குளிர் முதுகில் ஏறினால், எவ்வளவு களைப்பு இருந்தாலும் இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். காலை ஆறு மணிக்கு நீந்த வேண்டுமென்றால் எட்டரைக்கே படுத்துவிடுங்கள். முகாம் நெருப்பைச் சுற்றி அரட்டையடிப்பதை வேறொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஞாயிறு ஓட்டம் முடிந்த கையோடு ஐந்து மணி நேரம் கார் ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கால் மரத்துப்போவதைவிட, கண் சொருகுவதுதான் ஆபத்து. ஓட்ட வேறொருவர் இருந்தால் மணிக்கொருமுறை இறங்கி நடந்துவிட்டுப் போகலாம். தனியாக வந்திருந்தால் ஞாயிறு இரவும் அங்கேயே தூங்கிவிட்டுத் திங்கட்கிழமை காலையில் கிளம்புங்கள். அன்று முழு ஓய்வு, செவ்வாயன்று மெதுவான நீச்சல். வியாழன் வரை கடினமான பயிற்சி எதையும் தொட வேண்டாம்.