மூன்று வயது மகளோடு ஒரு வருடம் ஜெர்மனி: கிளம்புமுன் என்ன செய்ய வேண்டும்?

பாளையங்கோட்டையிலிருந்து குடும்பத்தோடு கிளம்புகிறீர்கள் என்றால், முதலில் மகளின் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுங்கள். அங்கே 2020 மார்ச் முதல் மழலையர் பள்ளியில் சேர்க்கத் தட்டம்மை ஊசிச் சான்று கட்டாயம். இரண்டு வயது தாண்டிய பிள்ளைக்கு இரண்டு தவணை. நம் ஊரில் 9 மாதத்திலும் ஒன்றரை வயதையொட்டியும் போடுகிற எம்ஆர் ஊசிதான் அது. எங்கள் பையனின் அட்டையில் டாக்டர் கிறுக்கியிருந்தது எங்களுக்கே விளங்கவில்லை! தேதி, மருந்தின் பெயர் எல்லாம் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதி, முத்திரையோடு வாங்கிவிடுங்கள். பள்ளியில் இடம் கிடைப்பது சிரமம் என்பதால் இங்கிருந்தே பதிந்து வையுங்கள்.

பாஸ்போர்ட்டுக்குத் திருநெல்வேலி சேவா கேந்திரமே போதும்.

அப்புறம் சாப்பாடு. ஆச்சி கட்டாயம் நெய் பாட்டிலை நீட்டுவார். எடுத்துப் போகாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால் பொருள்களைக் கையோடு கொண்டுபோகத் தடை உண்டு. இட்லிப் பொடிக்கு அந்தத் தடை இல்லை.

போன புதிதில் பிள்ளை பள்ளியில் வாயே திறக்காமல் இருக்கலாம். புது மொழிக்குள் விழுந்த பிள்ளைகளுக்கு இது சகஜம்தான், பதறாதீர்கள். வீட்டில் தமிழை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆச்சியோடு வீடியோ காலில் பேச வையுங்கள். குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம், அங்கே மதியச் சாப்பாடு என்றால் இங்கே சாயங்காலக் காபி.