செம்பாறைப் போர்: பகையாளிகள் கைகோத்தது எப்படி? வாசகர் கேள்வி-பதில்

கி.பி. 208 குளிர்காலத்தில் சீனாவின் யாங்சி ஆற்றில், வடக்கை ஆண்ட சாவ் சாவை, தென்கிழக்கை ஆண்ட சுன் சுவானும் வடக்கிலிருந்து தப்பி ஓடிவந்த லியு பெய்யும் சேர்ந்து தோற்கடித்த போர் இது.

சாவ் சாவ் எட்டு லட்சம் பேரோடு தெற்கே வந்தார் என்கிறார்களே, நம்பலாமா?

வேண்டாம். எட்டு லட்சம் என்பது, கி.பி. 208இல் சாவ் சாவ் சுன் சுவானுக்கு அனுப்பிய மிரட்டல் கடிதத்தில் அவரே போட்ட எண். சுன் சுவானின் தளபதி ஜோ யூ அன்றிரவே அதைப் பிரித்துக் கணக்குப் போட்டுக் காட்டினார்: வடக்கிலிருந்து வந்தவர்கள் 1,50,000 முதல் 1,60,000 வரை, நெடும்பயணத்தில் களைத்தவர்கள். ஜிங் மாகாணத்தில் சரணடைந்து சேர்ந்தவர்கள் 70,000 முதல் 80,000 வரை, இன்னும் மனம் ஒட்டாதவர்கள். கூட்டினால் ஏறத்தாழ 2,30,000.

எதிரே நின்றது சுமார் 50,000. ஜோ யூ 50,000 பேர் கேட்டார். உடனே அத்தனை பேரைத் திரட்ட முடியாது, 30,000 பேர் கப்பலும் உணவும் ஆயுதமுமாகத் தயார் என்றார் சுன் சுவான். லியு பெய் பக்கம் தப்பி வந்தவர்களும் அவருடைய தளபதி குவான் யூவின் நீர்ப்படையும் சேர்த்து 10,000. ஜிங் மாகாணத்தை ஆண்டு மறைந்த லியு பியாவின் மூத்த மகன் லியு சி கையில் இன்னொரு 10,000.

ஒன்றைக் கவனியுங்கள். சாவ் சாவின் கப்பல்களும் அவற்றை ஓட்டத் தெரிந்தவர்களும் பெரும்பாலும் அந்தச் சரணடைந்த பகுதியிலிருந்து வந்தவை. அவருடைய சொந்தப் படைக்கு அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் யே நகரில் குளம் வெட்டி நீர்ப்போர் பயிற்சி தரத் தொடங்கியிருந்தார்கள். குளத்தில் பழகியவனை யாங்சி ஆற்றில் இறக்கினால் என்ன ஆகும் என்பதை அந்தக் குளிர்காலம் காட்டியது.

சுன் சுவானும் லியு பெய்யும் முன்பே நண்பர்களா?

இல்லை. லியு பெய் இருந்த பக்கத்தோடு சுன் குடும்பத்துக்கு இரத்தப் பகையே கிடந்தது. சுன் சுவானின் தந்தை சுன் ஜியான், ஜிங் மாகாணத்தை ஆண்ட லியு பியாவின் படையோடு மோதி இறந்தவர். அந்தப் படையை நடத்திய ஹுவாங் ட்சுவைச் சுன் தரப்பு 208 வசந்தத்தில்தான் தாக்கிக் கொன்றது. லியு பெய்யோ அதே லியு பியாவிடம் அடைக்கலம் புகுந்து வாழ்ந்தவர்.

இந்த இருவரையும் சேர்த்து வைத்தவர் சுன் சுவானின் ஆலோசகர் லூ சு. இந்தக் காலத்தைக் கதையாக்கிய ‘மூன்று ராஜ்ஜியங்கள்’ நாவல் படித்தவர்கள் இவரை அப்பாவியாகவே நினைவில் வைத்திருப்பார்கள். அது அவருக்குப் பெரிய அநீதி. லியு பியாவ் இறந்த செய்தி கேட்டதும், துக்கம் விசாரிக்கும் சாக்கில் தூது போகிறேன் என்று கிளம்பியவர் அவர்தான். அவர் வழியில் இருக்கும்போதே லியு பியாவின் இளைய மகன் லியு சோங் சரணடைந்துவிட்டான். லியு பெய் தெற்கே ஓடிக்கொண்டிருந்தார். கூடவே லட்சத்துக்கு மேற்பட்ட மக்களும் ஆயிரக்கணக்கான வண்டிகளும் வந்ததால், நாளுக்கு 10 லி, அதாவது 4 கிலோமீட்டர்தான் நகர முடிந்தது. சாவ் சாவின் 5,000 குதிரைவீரர்கள் ஒரு பகல் ஓர் இரவில் 300 லி கடந்து சாங்பான் சரிவில் அவரைப் பிடித்தார்கள். அந்தச் சிதறலுக்கு நடுவேதான் லூ சு லியு பெய்யைச் சந்தித்துக் கூட்டணிப் பேச்சை எடுத்தார். அதன் பிறகே லியு பெய்யின் ஆலோசகர் ஜுகெ லியாங், சுன் சுவான் இருந்த சாய்சாங் சென்று அவரைப் பார்க்கிறார்.

அங்கே சாங் ஜாவ் முதலான மூத்தவர்கள் பலரும் சரணடையச் சொன்னார்கள். லூ சு சபையில் வாய் திறக்கவில்லை. சுன் சுவான் இடையில் எழுந்து வெளியே போனபோது, தாழ்வாரம்வரை பின்தொடர்ந்து சென்று சொன்னார்: நான் சரணடைந்தால் எனக்கு ஏதாவது ஒரு பதவி கிடைக்கும், நீங்கள் சரணடைந்தால் எங்கே போவீர்கள்? 26 வயது சுன் சுவானின் மனத்தைத் திருப்பியதில் இந்தக் கேள்விக்குப் பெரிய பங்கு உண்டு.

தீப்படகுகளை எப்படித் தயாரித்தார்கள்?

யோசனை, முதிய தளபதி ஹுவாங் காயுடையது. எதிரிக் கப்பல்கள் தலையும் வாலும் முட்டி நெருங்கி நிற்பதைப் பார்த்து, எரித்து விரட்டலாம் என்றார். ஒரு பதிவு பல பத்துப் படகுகள் என்கிறது, இன்னொன்று வேகமான 10 படகுகள் என்கிறது. செய்முறை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே: உள்ளே காய்ந்த நாணலும் சுள்ளி விறகும் அடைத்தார்கள், அதன்மேல் மீன் கொழுப்பை ஊற்றினார்கள், சிவப்புத் துணியால் போர்த்தி மேலே கொடி நட்டார்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஆட்கள் தப்பிக்கச் சிறு படகு ஒன்று கட்டப்பட்டது.

கொழுப்பு எதற்கு? நாணல் சட்டென்று பற்றி சட்டென்று அடங்கிவிடும். கொழுப்பு ஊறினால் தீ நின்று எரியும், மோதும் மரத்திலும் ஒட்டும். துணி, சரக்கை எதிரி கண்ணிலிருந்து மறைத்தது. ஆற்றுச் சாரலில் நாணல் நனையாமல் காக்கவும் அது உதவியிருக்கும்.

ஹுவாங் காய் முன்கூட்டியே சரணடைவுக் கடிதம் அனுப்பியிருந்தார். நடு ஆற்றில் பாய் விரித்து, ‘சரணடைகிறோம்’ என்று ஆட்களைக் கத்தச் சொன்னார். சாவ் சாவின் வீரர்கள் முகாமைவிட்டு வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். 2 லி, அதாவது சுமார் 800 மீட்டர் இருக்கும்போது எல்லாப் படகிலும் ஒரே நேரத்தில் தீ வைத்தார்கள். இந்தத் தூரக் கணக்கில்தான் சூட்சுமம். முன்னதாகப் பற்றவைத்தால் படகு பாதி ஆற்றிலேயே எரிந்து தீரும், எதிரி கயிற்றை அறுத்து விலகவும் நேரம் கிடைக்கும். தாமதித்தால் ஓட்டிகள் தப்ப முடியாது. காற்று மாறினாலோ தீ கொளுத்தியவன் பக்கமே திரும்பும். அன்று தென்கிழக்குக் காற்று வேகமாக வீசியது. கப்பல்களைத் தின்ற தீ கரையேறி முகாம்களையும் பிடித்தது.

ஹுவாங் காய் அம்பு பட்டு ஆற்றில் விழுந்தார். அவர் யாரென்று தெரியாத சொந்தப் படையினர் தூக்கி வந்து கழிப்பிடத்தில் கிடத்திவிட்டார்கள். பலம் கூட்டி ‘ஹான் தாங்!’ என்று சக தளபதியைக் கூப்பிட்டார். குரலை அடையாளம் கண்டு ஹான் தாங் அழுதுகொண்டே ஓடி வந்து ஈர உடையை மாற்றியதால் பிழைத்தார்.

காற்றை ஜுகெ லியாங் வரவழைத்தாரா? கப்பல்களைச் சங்கிலியால் பிணைக்கும் யோசனை பாங் தோங்குடையதா?

இரண்டும் நாவல். 3ஆம் நூற்றாண்டில் சென் ஷோவ் எழுதிய வரலாற்றிலோ, அதற்குப் பெய் சோங்ஜி 429இல் முடித்த உரையிலோ இவை இல்லை. வாடைக்காலத்திலும் அங்கே இடையிடையே காற்றுத் திசை மாறும். ஆற்றோரத்தில் வளர்ந்தவர்கள் அதற்குக் காத்திருந்தார்கள் என்று கொள்வதே பொருத்தம்.

சாவ் சாவை வீழ்த்தியது தீயா, நோயா?

நோய் முதலில் வந்தது. தீக்கு முன்பே அவர் படையில் கொள்ளைநோய் பரவியிருந்தது. முதல் மோதலில் தோற்று வடகரையில் வூலினுக்குப் பின்வாங்கியதும் அந்த நிலையில்தான். ஜோ யூ இதைப் போருக்கு முன்பே சொல்லியிருந்தார்: வடநாட்டார் குதிரையை விட்டுத் துடுப்பைப் பிடிக்கிறார்கள், கடுங்குளிரில் குதிரைக்குத் தீவனம் இல்லை, பழகாத நீர்நிலம் நோய் தரும், முதுகுப்புறம் மேற்கே எதிரிப் படைத்தலைவர்கள் மா சாவ், ஹான் சுய் இருக்கிறார்கள்.

பிற்பாடு சாவ் சாவ், நோய் வந்ததால் நானே கப்பலைக் கொளுத்திவிட்டுத் திரும்பினேன், ஜோ யூவுக்கு வீண் பெயர் என்று எழுதினார். மிஞ்சிய கப்பல்களை அவர் கொளுத்தியிருக்கலாம். ஆனால் தப்பி ஓடிய ஹுவாரோங் பாதைச் சேற்றில் நோயாளி வீரர்களைப் புல் சுமந்து நிரப்பவைத்து, அவர்கள் மேலேயே குதிரைகள் மிதித்துப் போனதைத் திட்டமிட்ட திரும்பல் என்று சொல்ல மாட்டேன்.

கி.பி. 190இல் தோங் ஜுவோவுக்கு எதிரான கூட்டணி உடைந்தது. இது மட்டும் எப்படி நின்றது?

தோங் ஜுவோ, அரசவையைக் கைப்பற்றி ஆட்டிவைத்த தளபதி. 190இல் அவரை எதிர்க்கச் சுவான்ட்சாவ் முகாமில் லட்சம் பேருக்கு மேல் கூடினார்கள். தலைவர் யுவான் ஷாவ். ஆனால் யார் எப்போது எங்கே அடிப்பது என்ற பொறுப்பு ஒருவருக்கும் இல்லை. தினமும் விருந்து நடந்தது. துணிந்து முன்னேறிய ஒருவர், அன்றைய இளம் சாவ் சாவ், பியான் ஆற்றங்கரையில் தோற்றுத் திரும்பினார். உணவு தீர்ந்ததும் கலைந்தார்கள். லியு தாய், கூட்டாளி சியாவ் மாவையே கொன்றார்.

208இல் ஆபத்து வாசலில் நின்றது, ஆற்றுப் போரை நடத்தும் அதிகாரமும் சுன் தரப்பின் கையில் தெளிவாக இருந்தது. முழு நம்பிக்கை இருந்தது என்று எண்ண வேண்டாம். லியு பெய், தோற்றால் விலகிக்கொள்ள 2,000 பேரோடு பின்னால் நின்றார் என்று சுன் தரப்பு நூல் ஒன்று குறை சொல்கிறது. ஜோ யூவுக்கும் மூத்த தளபதி செங் பூவுக்குமே ஒத்துப்போகவில்லை.

வென்றால் ஜிங் மாகாணம் யாருக்கு என்று மட்டும் பேசி வைக்கவில்லை. என் கணிப்பில் கூட்டணியின் ஒரே பெரிய ஓட்டை இதுதான். ஜோ யூ ஓராண்டுக்கு மேல் போராடி ஜிங் மாகாணத்தின் ஜியாங்லிங் நகரைப் பிடித்தார், அந்த நேரத்தில் லியு பெய் தெற்கே நான்கு வட்டங்களை எடுத்துக்கொண்டார். 210இல் ஜோ யூ இறந்ததும், லூ சுவின் சொல்லால் ஜியாங்லிங் பகுதியும் லியு பெய்க்குக் கடனாகப் போனது. கடனா, பங்கா என்ற தகராறு 215இல் முற்றியபோது, சியாங் ஆற்றை எல்லையாக வைத்துப் பிரித்தார்கள். 217இல் லூ சு மறைந்தார். 219இல் குவான் யூ வடக்கே போரில் இருக்கும்போது சுன் தரப்புத் தளபதி லூ மெங் பின்னாலிருந்து ஜியாங்லிங்கைப் பிடித்தார், குவான் யூ கொல்லப்பட்டார். பழிவாங்க வந்த லியு பெய் 222இல் யிலிங்கில் தோற்றார்.

அவர் இறந்த 223இல் லியு பெய் நிறுவிய ஷு நாட்டின் தூதர் தெங் ஜி, சுன் சுவானின் வூ நாட்டுக்குச் சென்று உறவை ஒட்டவைத்தார். 229 உடன்படிக்கையில் பழைய ஓட்டையை அடைத்தார்கள்: இன்னும் கைக்கு வராத, சாவ் சாவின் வாரிசுகள் ஆண்ட வெய் நாட்டையே பெயர் சொல்லிப் பங்கு பிரித்தார்கள். யூ, சிங், சூ, யோ மாகாணங்கள் வூவுக்கு, யான், ஜி, பிங், லியாங் ஷுவுக்கு, தலைநகரப் பகுதிக்கு ஹாங்கு கணவாய் எல்லை. அந்த நிலத்தை இருவருமே பிடிக்கவில்லை. ஆனால் 263இல் ஷு வீழும்வரை ஒருவர்மேல் ஒருவர் படையெடுக்கவும் இல்லை.