தலையைக் கழுவினேன் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணவரின் ஆராய்ச்சிப் பணிக்காகத் தென்கொரியாவின் தேஜொன் நகருக்கு வந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. அலைபேசிச் செயலி ஒன்றில் ஆங்கிலம் வழியாகக் கொரியன் படிக்கிறேன். வீட்டு வேலைகளுக்கான வினைச்சொற்கள் நூற்றுக்கு மேல் மனப்பாடமாகத் தெரியும். ஆனால் எதிர்வீட்டுப் பாட்டியிடம் பேசும்போது தவறாகிவிடுகிறது. போன வாரம் ஈரத் தலையோடு கதவைத் திறந்து, தலையைக் கழுவினேன் என்ற பொருளில் “மொரிருல் ஸிஸொஸொயோ” என்றேன். பாட்டி சிரித்துவிட்டு வேறு சொல் ஒன்றைச் சொன்னார். சட்டைக்கும் இதே கதைதான். அவர் கிம்ச்சி என்கிற கொரிய ஊறுகாய் வைத்துக் கொடுத்த டப்பா இன்னும் என்னிடமே இருக்கிறது. என்ன சொல்லித் திருப்பிக் கொடுப்பது என்று தெரியவில்லை. இந்த வினைச்சொற்களை எப்படிப் படிப்பது? நீங்கள் அங்கே இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஊரில் ஈரத் தலையோடு வந்து அம்மாவிடம் “தலையைக் கழுவினேன்” என்று சொல்லியிருப்பீர்களா? “தலைக்குக் குளிச்சேன்” என்றுதான் சொல்லியிருப்பீர்கள். துணி என்றால் துவைப்போம், சோப்பு போக அலசுவோம். பாத்திரத்தைத் தேய்ப்போம், சில வீடுகளில் விளக்குவோம். அரிசியைக் களைவோம். கை, கால், முகம் என்றால் கழுவுவோம். இத்தனை சொற்கள் உங்கள் நாக்கிலேயே இருக்க, எல்லாவற்றுக்கும் ‘வாஷ்’ என்கிற ஆங்கிலத்தின் வழியாகக் கொரியனுக்குப் போயிருக்கிறீர்கள். பாட்டியிடம் நீங்கள் பேசியது அந்த ஆங்கிலத்தைத்தான்.

கொரியர்களும் நம்மைப் போலவே பிரித்துச் சொல்கிறவர்கள். கை, முகம், காய்கறி, அரிசி இவற்றுக்கு ‘ஸிஸொயோ’. துணிக்குப் ‘பராயோ’. தலைமுடிக்குக் ‘கமாயோ’, பாட்டி உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இதுவாகத்தான் இருக்கும். பல், தரை, கண்ணாடி என்று அழுத்தித் தேய்ப்பதும் துடைப்பதும் ‘தக்காயோ’. சாப்பிட்ட தட்டுகளைக் கழுவி அடுக்கும் வேலைக்குத் தனியாகச் ‘சொல்கொஜி ஹேயோ’. துணி விஷயத்தில் இன்னும் விரிவாகவே பேசுவார்கள். ‘பல்லே’ என்பது துவைக்கும் துணி. அதைக் கொடியில் போடுவது ‘நொரொயோ’, காய்ந்ததை எடுப்பது ‘கொதொயோ’, மடிப்பது ‘கேயோ’. காலையில் தரையில் விரித்த மெத்தையை மடித்து வைப்பதற்கும் அதே ‘கேயோ’தான்.

ஆகவே வினையைத் தனியாகப் படிக்காதீர்கள். ‘கமாயோ’ என்ற சொல் மட்டும் மனத்தில் இருந்து பயனில்லை, ஏனென்றால் ‘நூனுல் கமாயோ’ என்றால் கண்ணை மூடுகிறேன் என்று ஆகிவிடும். ‘மொரிருல் கமாயோ’ என்று பொருளையும் வினையையும் ஒரே மூச்சில், ஒரே சொல்லாகச் சொல்லிப் பழகுங்கள். அந்த ‘ருல்’, ‘உல்’ நம் இரண்டாம் வேற்றுமை உருபு ‘ஐ’ செய்யும் வேலையைச் செய்கிறது. அது நிற்கும் இடமும் நம் ‘ஐ’ நிற்கும் இடமே. வேலை செய்யும்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள். தண்ணீர்க் குழாயை நிறுத்தும்போது ‘ஜம்காயோ’, அதே சொல்லைக் கதவைப் பூட்டும்போதும். விளக்கை அணைக்கும்போது ‘கொயோ’. கதவை வெறுமனே சாத்தினால் ‘ததாயோ’. கை நகரும்போது வாயும் நகர்ந்தால் அது மறக்காது. செயலிகள் ‘தா’ என்று முடியும் வடிவத்தை மனப்பாடம் செய்ய வைக்கின்றன. அது அகராதிக்கும் எழுத்துக்கும் உரியது, வீட்டுக்குள் பேச்சில் ‘யோ’தான். இதை மாற்றிக்கொண்டாலே பாதிச் சிரமம் குறையும்.

ஓசையிலும் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. ‘ருல்’, ‘உல்’ என்பதில் வரும் உகரத்தை உதடு குவிக்காமல் சொல்ல வேண்டும். ஆங்கிலம் பேசுகிறவர்கள் இதற்குத் திணறுவார்கள். நமக்கு அது ‘பத்து’, ‘பாட்டு’ என்று சொல்லும்போது கடைசியில் வரும் குற்றியலுகரம். பள்ளியில் இலக்கண வகுப்பில் படித்ததை மறுபடி வெளியே எடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வினை ‘ஜியொயோ’. சோறாக்குவதற்கு அதைச் சொல்வார்கள்: ‘பாபுல் ஜியொயோ’. வீடு கட்டினாலும், துணி தைத்தாலும், குழந்தைக்குப் பெயர் வைத்தாலும், பயிர் செய்தாலும், கவிதை புனைந்தாலும் அதே வினை. ஆங்கிலம் இதற்கு ஐந்தாறு சொற்களைத் தேடும். நம்மிடம் ‘ஆக்கு’ இருக்கிறது. சோறும் ஆக்குகிறோம், நூலை எழுதியவரையும் ஆக்கியோன் என்கிறோம். அன்றாடப் பேச்சில் ‘பாப் ஹேயோ’ என்றே பெரும்பாலும் சொல்வார்கள் என்றாலும் ‘ஜியொயோ’வைத் தெரிந்து வைத்திருங்கள். வயலில் நிற்பது ‘ப்யொ’, மூட்டையில் இருப்பது ‘ஸால்’, தட்டில் இருப்பது ‘பாப்’. நெல், அரிசி, சோறு. அரிசி தின்று வளர்ந்த இரண்டு ஊர்களும் ஒரே இடத்தில் கோடு போட்டிருக்கின்றன.

அடுத்தது துணைவினை. ‘மொகொ பொஸெயோ’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘சாப்பிட்டுப் பாருங்கள்’. ‘பார்’ என்பதை இப்படி முயன்று பார்க்கும் பொருளில் வினைக்குப் பின்னால் வைப்பதை ஆங்கிலக்காரருக்குப் பாடம் நடத்திப் புரியவைக்க வேண்டும். உங்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ‘யொரொ ஜூஸெயோ’ என்றால் திறந்து கொடுங்கள். ‘யொரொ நோவாயோ’ என்றால் திறந்து வைக்கிறேன். தூக்கி எறிவதைக் குறிக்கும் ‘பொரிதா’ துணைவினையாக வரும்போது ‘விடு’ போல ஆகிறது: ‘மொகொ பொர்யொஸொயோ’, சாப்பிட்டுவிட்டேன். 1905இல் ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு எழுதினார். அவை ஒரு குடும்பம் என்பதை இன்றைய மொழியியல் ஏற்கவில்லை, நானும் அப்படிச் சொல்லவில்லை. உறவு இல்லாவிட்டாலும் வாக்கியத்தை நம்மைப் போலவே கட்டுகிறார்கள், கற்கிறவருக்கு அது போதும்.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு. சட்டை, செருப்பு, கண்ணாடி, மோதிரம் எல்லாவற்றையும் நாம் ‘போட்டு’விடுவோம். அங்கே சட்டைக்கு ‘இபொயோ’, காலில் மாட்டுவதற்கு ‘ஷினொயோ’, தொப்பிக்கும் கண்ணாடிக்கும் ‘ஸொயோ’, மோதிரத்துக்கும் கையுறைக்கும் ‘கியொயோ’, கைக்கடிகாரத்துக்குச் ‘சாயோ’. கழற்றும்போது மட்டும் பெரும்பாலும் ‘பொஸொயோ’ ஒன்றே வந்து உதவும். வாசலில் செருப்பை விடும்போது தினமும் சொல்லலாம்.

மரியாதையில் கூடுதல் கவனம் வேண்டும். நமக்கு ‘சாப்பிடு’, ‘சாப்பிடுங்க’ என்று விகுதி மாறினால் போதும். அவர்களிடம் சில சொற்களே மாறிவிடும். நீங்கள் சாப்பிடுவது ‘மொகொயோ’, பாட்டி சாப்பிடுவது ‘துஷொயோ’. நீங்கள் தூங்கினால் ‘ஜாயோ’, பாட்டி தூங்கினால் ‘ஜுமுஷொயோ’. பாட்டி உங்களிடம் ‘யோ’ இல்லாமல் பேசினால் வருந்த வேண்டாம், மகளைப் போல நினைத்துவிட்டார் என்று பொருள். பதிலுக்கு நீங்கள் ‘யோ’வை விட்டுவிடக் கூடாது.

இனி டப்பா. குளிர்காலத்துக்கு முன் குடும்பமும் அக்கம்பக்கமும் கூடி மொத்தமாகக் கிம்ச்சி போட்டுப் பகிர்ந்துகொள்வதைக் கிம்ஜாங் என்பார்கள். 2013இல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாம் ஊறுகாய் ‘போடுவது’ போல இதற்கும் தனி வினை, ‘தம்குதா’. கால்களைத் தண்ணீரில் அமிழ்த்தி வைப்பதற்கும் அதுவே. உங்களுக்கு வந்தது அந்தப் பங்காக இருந்தால் அது வெறும் கிம்ச்சி அல்ல, இன்னும் தாமதிக்காதீர்கள். வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது நம் வீட்டுப் பழக்கம், அங்கேயும் அப்படி நினைக்கிறவர்கள் நிறையப் பேர். எலுமிச்சைச் சோறோ உளுந்து வடையோ செய்து அதில் வையுங்கள். இரண்டு கையாலும் நீட்டி, “இகொ ஹன்பொன் துஷொ பொஸெயோ” என்று சொல்லுங்கள். ‘இதை ஒரு தடவை சாப்பிட்டுப் பாருங்க.’ ‘துஷொ’வில் பாட்டிக்கான மரியாதை வந்துவிட்டது, ‘பொஸெயோ’வில் நம்முடைய ‘பாருங்க’ வந்துவிட்டது.