‘உட்காரும் உரிமை’ சட்டம் வந்த பிறகு துணிக்கடைகளில் உண்மையில் ஏதாவது மாறியிருக்கிறதா?

ஸ்டூல் வந்திருக்கிறது. அதில் ஆள் உட்கார்ந்துதான் நான் அதிகம் பார்க்கவில்லை.

2012-லிருந்து மூன்று வருடம் மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் சேலை செக்‌ஷனில் நின்றவள் நான். ‘வேலை பார்த்தவள்’ என்று எழுதத்தான் நினைத்தேன், கை ‘நின்றவள்’ என்றே எழுதுகிறது, இருக்கட்டும். காலை ஒன்பதரைக்குக் கவுண்டருக்குள் போனால் இரவு ஒன்பதரை. மதியச் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம், அதற்குள் மூன்று மாடி இறங்கி ஏற வேண்டும். தீபாவளி நெருக்கத்தில் அந்த இருபது நிமிடமும் நிச்சயமில்லை.

ஆனால் கூட்டம் இருக்கும்போது நிற்பது அவ்வளவு தெரியாது. கால் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். மார்கழி முதல் வாரத்து மதியம் மூன்று மணிதான் கொடுமை. கடையில் ஈ, காக்கா இருக்காது. செய்ய எதுவும் இருக்காது. ஆனாலும் நிற்க வேண்டும். சுவரில் சாயக்கூடாது, கவுண்டரில் முழங்கை ஊன்றக்கூடாது. உட்கார்ந்து மாட்டினால் ஐம்பது ரூபாய் பிடித்தம். அப்போது என் மாதச் சம்பளமே 6,500.

நாங்கள் கண்டுபிடித்த வழி கீழ்த்தட்டு. அங்கே இருக்கும் சுங்குடிச் சேலைகளை எல்லாம் வெளியே இழுத்து, கலர் வாரியாகத் திரும்ப அடுக்குகிற சாக்கில் பத்து நிமிடம் குத்தவைத்து உட்காரலாம். ஒருத்தி அடுக்க, இன்னொருத்தி சூப்பர்வைசர் வருகிறாரா என்று பார்த்துக்கொள்வாள். வந்தால், “யக்கா, அந்த மாம்பழக் கலர் எங்க வச்சீங்க?” என்று சத்தமாகக் கேட்க வேண்டும். அதுதான் எங்கள் சிக்னல். அந்தக் கடையிலேயே கீழ்த்தட்டு அவ்வளவு ஒழுங்காக இருந்தது எங்கள் செக்‌ஷனில்தான்.

என்னோடு நின்ற ஒரு அக்காவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு சுருட்டி நீலமாகப் புடைத்திருக்கும். விடுதியில் இரவு சுவரை ஒட்டிப் படுத்து, காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொள்வார். ஒரு மாதத்தில் அவரைப் பார்த்து நாங்களும் அப்படியே படுக்கப் பழகிவிட்டோம், வரிசையாக.

சட்டத்துக்கு வருகிறேன். 2021 செப்டம்பரில், 1947-ம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைத்தால் உட்காரலாம், நாள் முழுக்க நின்றபடியே இருக்கும் நிலை கூடாது என்பது அதன் சாரம். கேரளம் இதை 2018-லேயே செய்துவிட்டது. அங்கேயும் சும்மா வரவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்த விஜி என்பவர், கடைப் பெண்களைச் சேர்த்து ‘பெண்கூட்டு’ என்று ஆரம்பித்து, முதலில் கழிப்பறைக்காகவும் பிறகு உட்காருவதற்காகவும் வருடக்கணக்கில் போராடினார்.

என்னை உறுத்துவது வேறொன்று. நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-வது பிரிவே சொல்லியிருந்தது. துணி நெய்கிற மில்லில் எழுத்திலாவது இருந்த உரிமை, அதே துணியை விற்கிற கடைக்கு வர 73 வருடம் ஆகியிருக்கிறது. இங்கிலாந்தில் 1899-லேயே, கடையில் மூன்று பெண்களுக்கு ஒரு இருக்கையாவது போட வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார்கள்.

நம் சட்டத்தில் ‘வாய்ப்புக் கிடைத்தால்’ என்று இருக்கிறது பாருங்கள், அந்த வாய்ப்பு எது என்று யார் முடிவு செய்வது? சூப்பர்வைசர்தான். அவருக்கு மேலே மேனேஜர். ஆனால் முழுப் பழியையும் அவர்கள் மேல் போட எனக்கு மனசு வரவில்லை. ஒரு முறை காய்ச்சலோடு வேலைக்குப் போய், தலை சுற்றி, ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தபடி சேலையைப் பிரித்துக் காட்டினேன். வாங்க வந்த அம்மா நேராக மேனேஜரிடம் போய், “உக்காந்துக்கிட்டே காட்டுறா, என்ன பிள்ளைகள வச்சிருக்கீங்க?” என்றார். அவர் கெட்டவர் இல்லை. யார் முன்னால் யார் உட்காரக்கூடாது என்று நம் ஊர்களில் ஒரு கணக்கு உண்டே, அந்தக் கணக்கு அவரோடு கடைக்குள்ளும் வந்துவிட்டது.

‘கடை வேலை என்றாலே நிற்பதுதானே’ என்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் ஊர் ஜவுளிக்கடையில் வெள்ளைத் துணி விரித்த மெத்தைதான் இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி எல்லோரும் சம்மணம் போட்டு உட்காருவோம். எதிரே கடைக்காரரும் சம்மணம் போட்டு உட்கார்ந்து சேலையை வீசி விரிப்பார். உட்கார்ந்தபடியே ஒரு கல்யாணத்துக்கான ஜவுளியை மொத்தமாக விற்பார். அப்போது யாருக்கும் மரியாதை குறைந்ததாகத் தெரியவில்லை. பிறகு மெத்தை போய்க் கண்ணாடிக் கவுண்டர் வந்தது. வாங்குகிறவருக்கு நாற்காலி போட்டார்கள், விற்கிறவர் எழுந்து நின்றார்.

போன மாதம் தங்கச்சி மகள் நிச்சயத்துக்குச் சேலை எடுக்கப் போனோம். நான் வேலை பார்த்த கடை இல்லை, வேறு கடை. கவுண்டருக்குக் கீழே நீல ஸ்டூல் ஒன்று இருந்தது, அதன் மேல் பிளவுஸ் பிட் கட்டு. காட்டிக்கொண்டிருந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். ஒரு காலில் நின்று இன்னொரு காலுக்கு ஓய்வு கொடுத்து, மாற்றி மாற்றி நின்றாள். அது எனக்குத் தெரிந்த நிற்பு.

“உக்காரும்மா, நாங்க பார்த்துக்கிறோம்” என்றேன்.

“வேணாங்க்கா” என்று சிரித்துவிட்டுக் கண்ணாலேயே மேலே காட்டினாள். தலைக்கு நேர் மேலே கேமரா.

தங்கச்சிக்குச் சேலை ஏற்கெனவே பிடித்துவிட்டது, பில் போடப் போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்தாள். நான் அந்தப் பெண்ணிடம், “கீழ்த்தட்டுல இருக்கிறதெல்லாம் எடும்மா, ஒவ்வொண்ணா பார்க்கணும். அவசரம் இல்ல” என்றேன்.